சகாதேவன் காவல் காத்த தட்டு

கிரிவலப் பாதையில் இருக்கும் மூர்த்தியின் லாட்ஜுக்கு வாட்ச்மேன் சகாதேவன். ஐம்பத்தெட்டு வயது. கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று மற்றவர்களைச் சொல்வார்கள். இவருக்கு அது கேட்டுக்கு வெளியிலேயே வந்து நிற்கும். கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். படியில் தொங்கியவனை, உள்ளே இடமிருந்தும் வழியை அடைத்து நின்றவனை, இறங்க வேண்டிய ஸ்டாப்பில் குறட்டை விட்டவனை எல்லாம் திட்டித் திட்டியே காலம் போயிற்று. கடைசியில் ஒரு நாள், டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று சட்டம் பேசிய ஒருவனை நடுவழியில் இறக்கிவிட்டார். அவன் பஸ் முதலாளியின் மைத்துனன். அத்தோடு அந்த வேலை முடிந்தது.

மூர்த்தி அவரை வேலைக்கு எடுத்ததே இந்தக் கதையைக் கேட்டுத்தான். பௌர்ணமி வந்தால் அந்தப் பாதையில் ஜனம் கொள்ளாது. கழிப்பறைக்கு மட்டும் என்று உள்ளே நுழைபவர்கள் மாடிப்படியில் படுத்துத் தூங்கியே விடுவார்கள். வாசலில் ஒரு கோபக்காரன் உட்கார்ந்திருப்பது லாட்ஜுக்கு நல்லதுதான்.

போன வருடம் ஆவணியில் மூர்த்தி ஒரு நாய்க்குட்டியைக் காரிலிருந்து இறக்கினார். கிரேட் டேன் சாதி. வளர்ந்துவிட்டால் நின்ற நிலையிலேயே சாப்பாட்டு மேசையில் முகவாயை வைக்குமாம். மூன்று மாதக் குட்டி, அப்போதே பதினைந்து கிலோ இருந்தது. உடம்பெல்லாம் அட்டைக் கறுப்பு, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் கால்கள். மூர்த்தி அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார். சகாதேவனுக்கு அது வாயில் நுழையவில்லை. கருப்பா என்று கூப்பிட்டார், குட்டி திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் மூர்த்தியும் கருப்பன் என்றுதான் கூப்பிட்டார்.

முதலில் சகாதேவனுக்கு நாய் மேலும் கோபம்தான். மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டருக்கும் நாய்தானே நிற்கிறது, இதில் காசு கொடுத்து ஒன்று வேறா என்று ஜோதியம்மாளிடம் புலம்பினார். ஜோதியம்மாள் லாட்ஜின் கீழ்த்தளத்தில் மெஸ் நடத்துபவர். சகாதேவனைவிட நாலைந்து வயது மூத்தவர். சகாதேவன் கத்தும்போதெல்லாம் ஒரு டம்ளர் மோரை எதிரில் வைத்துவிட்டுப் போகிற ஒரே ஆள். நாய் வந்த மூன்றாம் நாள் அது சகாதேவனின் செருப்பின்மேல் தலையை வைத்துத் தூங்கியது. அவர் அரை மணி நேரம் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் வந்த ஆட்டோக்காரனைக்கூட சைகையாலேயே திட்டினார்.

வேங்கிக்காலில் கால்நடை மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் ஆஃப்ஷீனிடம் குட்டியைக் காட்டப் போனார்கள். படிப்பை முடித்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும், அவ்வளவு சின்னப் பெண். மூர்த்தி எடுத்த எடுப்பிலேயே, குட்டி சீக்கிரம் பெரிதாக என்ன போடலாம் என்று கேட்டார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். சீக்கிரம் பெரிதாகவே கூடாது என்றார். இந்தச் சாதி எப்படியும் அதன் உயரத்தை எட்டிவிடும். அவசரப்படுத்தினால் உடம்பு முந்திக்கொண்டு வளரும், எலும்பும் மூட்டும் பின்தங்கிவிடும். பெரிய சாதிக் குட்டிகளுக்கென்று விற்கிற தீவனம் மட்டும் போட வேண்டும், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நிறுத்து, மூன்று வேளையாகப் பிரித்து. தடவினால் விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். சோறு, பால், இனிப்பு, எலும்பு எதுவும் வேண்டாம். கால்சியம், டானிக் என்று எந்தச் சத்து மருந்தும் தனியாகக் கொடுக்கவே கூடாது, எல்லாம் தீவனத்திலேயே இருக்கிறது. மாதம் ஒரு தடவை கொண்டுவந்து காட்ட வேண்டும்.

சகாதேவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திரும்பி வந்ததும் ஜோதியம்மாளின் மெஸ்ஸிலிருந்து ஒரு சின்னத் தராசைக் கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து கருப்பனின் தட்டுக்கு அவர்தான் காவல்.

அந்தக் காவல் லேசான வேலை இல்லை. நம் ஊரில் வாய் இருக்கிற எதையும் யாரும் சும்மா விடுவதில்லை. நடந்து வருபவனுக்கு அடிக்கு ஒரு இடத்தில் சாம்பார் சாதம், சுண்டல், நீர்மோர். மனிதன் போதாதென்று குரங்குக்கு வாழைப்பழம், மாட்டுக்கு அகத்திக்கீரை, நாய்க்குப் பிஸ்கட். கேட்டுக்கு உள்ளே இப்படி ஒரு கறுப்பு நாய் நின்றால் கேட்க வேண்டுமா? பைரவர் வாகனமே வாசலில் நிற்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, பையில் இருப்பதை எல்லாம் எடுத்து நீட்டுவார்கள். லட்டு, முறுக்கு, ஜாங்கிரி. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்து அங்கேயே ஊற்ற வந்த ஒரு பெரியவரும் உண்டு.

சகாதேவன் ஒவ்வொருவரிடமும் சண்டை போட்டார். தேய்பிறை அஷ்டமி அன்று ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்து, கருப்பன் கழுத்தில் வடைமாலை போட்டு, ஒரு அடுக்கு நிறையத் தயிர்சாதம் வைக்க வேண்டும் என்று நின்றது. வேண்டுதலாம். சாமிக்குப் போடுகிற வடையைச் சாமி தின்பதில்லை, இது தின்றுவிடும், தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், அப்போது நீங்கள் வேனில் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று கத்தினார். அந்த அம்மாள், பைரவருக்கே சோறு போட விடாதவன் விளங்குவானா என்று சாபம் விட்டார். சகாதேவன் அந்தச் சாபத்தையும் வாங்கிக்கொண்டு கேட்டைச் சாத்தினார். நாய் ஏங்கி ஏங்கி வேனையே பார்த்தது. அவர் கேட்டைத் திறக்கவில்லை.

ஜோதியம்மாளுக்கும் திட்டு விழுந்தது. முதல் வாரத்தில் அவர் கொஞ்சம் நெய்ப்பொங்கலை இலையில் கொண்டுவந்து வைத்தார். சகாதேவன் இலையோடு எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். ஜோதியம்மாள் அதற்கப்புறம் கருப்பன் படுக்கும் பின்கட்டுக்கு வெறுங்கையோடுதான் வந்தார். வந்து நாயின் காதைத் தடவிவிட்டுப் போவார்.

இவ்வளவு காவல் காத்தவர் என்ன செய்தார் தெரியுமா? வேலியே பயிரை மேய்ந்தது.

சகாதேவன் வீட்டில் எப்போதும் ஒன்றிரண்டு கறவை மாடு உண்டு. அவர் பஸ்ஸில் இருந்த காலத்தில் ஒரு செவலைப் பசு கன்று போட்ட மறுநாள் கால்களைப் பரப்பிக்கொண்டு விழுந்தது. மனைவி போன் செய்தார். முதலாளி லீவு கொடுக்கவில்லை. மூன்று டிரிப் முடித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனபோது மாடு செத்திருந்தது. அடுத்த வருடம் இன்னொரு பசு அதே மாதிரி விழுந்தது. இந்தத் தடவை பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு ஓடி, டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார். டாக்டர் கழுத்து நரம்பில் ஒரு பாட்டில் கால்சியம் ஏற்றினார். அரை மணி நேரத்தில் மாடு எழுந்து நின்று உடம்பை உதறியது. சகாதேவன் தொழுவத்திலேயே உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து அவருக்குக் கால்சியம் என்பது மருந்து இல்லை, குலசாமி. மாட்டுக்கு ஊற்றுகிற ஐந்து லிட்டர் கேன் வீட்டில் தீர்ந்ததே கிடையாது. கறவைக்கு ஊற்றுவார், சினைக்கு ஊற்றுவார், கன்றுக்கும் ஊற்றுவார்.

கருப்பனின் நீளமான கால்களைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்தச் செவலைதான் கண்முன் வந்தது. டாக்டரம்மா வேண்டாம் என்று சொன்னதை அவர் மறக்கவில்லை. மாடு விழுந்து கிடப்பதைக் கிட்டே உட்கார்ந்து பார்க்காத டவுன் பிள்ளை, புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறது என்று நினைத்தார். சோற்றைக் குறைக்கச் சொன்னது சரி, அதை நம்பினார். எலும்புக்குப் போவதைக் குறைக்கச் சொன்னதை மட்டும் நம்பவில்லை. கேனிலிருந்து ஒரு பழைய சோடா பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்து, காலைத் தீவனத்தின்மேல் தினம் ஒரு காபி டம்ளர் ஊற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. நல்லதைச் சொல்லிக்கொண்டா செய்வார்கள்?

மாதம் ஒரு தடவை காட்டச் சொன்னதும் நடக்கவில்லை. நவராத்திரிக் கூட்டம், பிறகு தீபாவளிக் கூட்டம். எடை பார்க்கத்தானே, அரிசி மூட்டை நிறுக்கும் தராசு இங்கேயே இருக்கிறது என்று சகாதேவன் சொல்லிவிட்டார். மூர்த்திக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஐப்பசிக் கடைசியில், தீபத்துக்குப் பந்தக்கால் நட்டு ஊரே பரபரத்துக் கிடந்த நேரத்தில், கருப்பனின் முன்னங்கால்கள் வளைந்தன. முதலில் பாதம் மட்டும் வெளிப்பக்கம் திரும்பியது. பத்து நாளில் மணிக்கட்டு உள்ளே சாய்ந்து, நடக்கும்போது ஒன்றை ஒன்று இடித்தது. எழுந்திருக்கும்போது முனகியது. சகாதேவன் கூப்பிட்டால் ஓடிவருகிற நாய், பாதி தூரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சகாதேவனுக்குத் தலைகால் புரியவில்லை. யாரோ தட்டில் கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தும் எவனோ புகுந்துவிட்டான். துணி துவைக்க வருபவரைக் கேட்டார், ரூம் பெருக்குபவரைக் கேட்டார். பிறகு பின்கட்டுச் சுவரோரம் ஒரு வாழை இலை கிடந்தது. குரங்கு இழுத்துப் போட்டதாகவும் இருக்கலாம், காற்றில் பறந்ததாகவும் இருக்கலாம். சகாதேவனுக்கு அவ்வளவு யோசிக்கப் பொறுமை இல்லை.

நடுப்பகல். மெஸ்ஸில் எல்லா மேசையும் நிரம்பியிருந்தது. அந்த இலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாசற்படியில் நின்றார்.

"சோத்தப் போட்டுப் போட்டு அந்த ஜீவன நொண்டியாக்கிட்டியே. நல்லாருப்பியா நீ?"

ஜோதியம்மாள் ஒருவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்தார். நான் எதுவும் போடவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பொய் வேறா என்று சகாதேவன் கத்தினார். சாப்பிடுகிறவர்கள் எல்லாம் அவரையும் பார்த்தார்கள், ஜோதியம்மாளையும் பார்த்தார்கள். முப்பது வருடமாக ஊருக்குச் சோறு போட்டு வயிறு கழுவுகிற பெண்ணிடம், உன் சோறு ஒரு உயிரைக் கெடுத்தது என்று நாற்பது பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. அவர் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று மாலையே மூர்த்தி, இனி பின்கட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று ஜோதியம்மாளிடம் சொல்லிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மறுநாள் கருப்பனைத் தூக்கிக் காரில் வைத்து வேங்கிக்காலுக்குப் போனார்கள். இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. ஆஃப்ஷீன் நாயைப் பார்த்ததும் எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் மாட்டி நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நீங்கள் எழுதிக் கொடுத்ததைத் தவிர ஒரு பருக்கை போடவில்லை, ஆனால் எனக்குத் தெரியாமல் மெஸ்காரி போட்டுவிட்டாள் என்றார் சகாதேவன். டாக்டர் நாயின் விலாவைத் தடவிப் பார்த்தார். எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. சோறு ஜாஸ்தியாகப் போன உடம்பு இது இல்லை, அளவாகத்தான் போட்டிருக்கிறீர்கள் என்றார். சகாதேவன் மூர்த்தியை ஒரு பார்வை பார்த்தார்.

"கால்சியம் யாராவது குடுத்தாங்களா?"

சகாதேவனுக்குச் சுள்ளென்று ஏறியது. கால்சியம் கம்மியானால்தானே கால் வளையும், ஜாஸ்தியானால் எப்படி வளையும் என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனார். ஆஃப்ஷீன் பொறுமையாகச் சொன்னார். வளர்ந்த நாயாக இருந்தால் வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குடல் வெளியே தள்ளிவிடும். குட்டிக்கு அந்த வித்தை தெரியாது, போட்டதில் பெரும்பங்கை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால் எலும்பு வளர்கிற இடம் கெட்டுப்போகும். இப்படிப் பெரிய சாதிக் குட்டிகளுக்குத்தான் அது முதலில் அடிக்கும். முன்னங்காலில் இரண்டு எலும்பு சேர்ந்தாற்போல வளர வேண்டும். ஒன்று நின்றுபோய் மற்றது வளர்ந்துகொண்டே போனால் வளைவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. படத்தில் அந்த இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

சகாதேவன் படத்தைப் பார்த்தார். அப்புறம் மேசைமேல் கிடந்த கருப்பனைப் பார்த்தார். அது அவர் கையை நக்கியது.

"நான்தாம்மா குடுத்தேன். மாட்டுக்கு ஊத்தறது. தெனம் ஒரு டம்ளர்."

"வேணாம்னு சொன்னேனேங்க ஐயா."

"சொன்னீங்க. சின்னப் பொண்ணுன்னு நெனச்சிட்டேன்."

ஆஃப்ஷீனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் உயரவில்லை, அதுதான் சகாதேவனுக்கு இன்னும் வலித்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். இன்றே நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். தீவனம் அதே அளவு. படி ஏறக்கூடாது, குதிக்கக்கூடாது. வழுக்குகிற டைல்ஸ் தரையில் விடவே கூடாது, பாய் போட வேண்டும். வாரம் ஒரு தடவை கட்டாயம் காட்ட வேண்டும். ஒன்றரை மாதம் பார்க்கலாம். கால் கொஞ்சமாவது நிமிர்ந்தால் தப்பித்தது, இல்லாவிட்டால் சென்னைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன்தான், அதுவும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. இதை எல்லாம் அவர் மூர்த்தியைப் பார்த்துச் சொன்னார், சகாதேவனைப் பார்க்கவில்லை.

காரில் பாதி தூரம் வந்ததும் மூர்த்தி வாயைத் திறந்தார். வயதில் சின்னவர், எவ்வளவு கோபம் வந்தாலும் சகாதேவனை மரியாதை குறைத்துப் பேசமாட்டார்.

"விடுங்கண்ணா. வெளிய யார்கிட்டயும் சொல்ல வேணாம். சோறு போட்டுதான் கெட்டுச்சுன்னு எல்லாரும் நெனச்சிகினு கீறாங்க, அப்பிடியே இருக்கட்டும். லாட்ஜ் பேராவது மிஞ்சும்."

சகாதேவனுக்கு வந்த ஆத்திரத்தில் கார்க் கதவைத் திறந்து இறங்கிவிடலாம் போலிருந்தது. மடியில் நாய் இருந்தது, அதனால் இறங்கவில்லை. மூர்த்தியை என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்தார். நேற்று இலையோடு மெஸ் வாசலில் நின்றது மூர்த்தி இல்லை. யாரைத் திட்ட வாயைத் திறந்தாலும் அது தன் பக்கமே திரும்பியது.

மறுநாள் காலை, மெஸ்ஸில் இட்லிப் பானை ஏற்றுவதற்கு முன்பே போனார். ஜோதியம்மாள் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. சகாதேவன் கிட்டே போய், தணிந்த குரலில், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சோடா பாட்டிலைச் சொன்னார், டாக்டர் சொன்னதைச் சொன்னார். தெரியாமல் பேசிவிட்டேன் அக்கா, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

ஜோதியம்மாள் துருவியைக் கீழே வைத்தார். இரண்டு நாளாக அவருடைய மெஸ்ஸில் பாதி மேசை காலி. பக்கத்துக் கடைக்காரர் அவரைப் பார்த்து, என்னம்மா நாயைக்கூட விட்டுவைக்கலையா என்று சிரித்திருக்கிறார். அது எதுவும் சகாதேவனுக்குத் தெரியாது.

"என்னக் கேக்கும்போது நாப்பது பேரு முன்னாடி கேட்ட. இப்ப காதுல வந்து சொல்றியா? எங்க நின்னு கேட்டியோ அங்க நின்னு சொல்லு. அதே நேரத்துக்கு வா."

"அக்கா, மொதலாளி வேணான்னு..."

"மொதலாளியா என்னக் கேட்டாரு? நீ கேட்ட."

சகாதேவன் வாசலுக்குத் திரும்பினார். அன்று காலை அவர் ஒருவரையும் திட்டவில்லை. மூன்று ஆட்டோ கேட்டை அடைத்துக்கொண்டு நின்றன, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பகல் ஒரு மணிக்கு மெஸ் வாசற்படியில் போய் நின்றார். இருபது பேர் இருப்பார்கள். நேற்று முன்தினம் இருந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். தங்கியிருந்தவர்களும் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஜோதியம்மாள் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றுவிட்டார். பஸ்ஸில் எத்தனையோ ஆயிரம் பேர் முன்னால் கத்திய சகாதேவன், மேசைமேல் இருந்த செம்பை எடுத்தார். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"முந்தாநேத்து இந்தம்மாவ இங்க நின்னு தப்பாப் பேசிட்டேன். அந்த நாய அவங்க ஒண்ணும் பண்ணல. அதுக்குக் கால் வளைஞ்சது என்னாலதான். நான் குடுத்த மருந்தாலதான்."

சாப்பிடுகிறவர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். பாதிப் பேருக்கு என்ன விஷயம் என்றே தெரியாது. மூலையில் இருந்த ஒருவர் ரசம் கேட்டார். ஜோதியம்மாள் தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு ரசம் ஊற்றப் போனார். அன்றைக்கு மோர் வரவில்லை, அதற்கடுத்த பல நாட்களுக்கும் வரவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்பது சகாதேவனுக்கும் தெரிந்திருந்தது.

பின்கட்டு முழுவதும் பாய் விரித்தார். தீவனத்தை முன்பு போலவே நிறுத்துப் போட்டார். வாரா வாரம் வேங்கிக்காலுக்குப் போய் டாக்டரம்மா முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகட்டி நின்றார். தீபத்துக்கு ஊரே மலையை அண்ணாந்து பார்த்தபோது, அவர் குனிந்து கருப்பனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதத்தில் இடது கால் நன்றாகவே நிமிர்ந்தது. வலது கால் பாதிதான் நிமிர்ந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றார் ஆஃப்ஷீன், ஆனால் அந்தக் கோணல் இனிப் போகாது, வயதானால் வலியும் இருக்கும் என்றார்.

இப்போது கருப்பனுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. இடுப்புக்கு மேல் உயரம். கேட்டருகே வந்து நின்றால் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். வலது காலை இழுத்து நடப்பதையும் பார்க்கிறார்கள். இவ்வளவு அழகான நாய்க்குக் கால் ஏன் இப்படி என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள். முதல் தடவை ஒருவர் கேட்டபோது, பிறவியிலேயே அப்படித்தான் என்று சகாதேவன் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மெஸ் ஜன்னலிலிருந்து ஜோதியம்மாள், "சகாதேவா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நிஜத்தைத்தான் சொல்கிறார். நான்தான் கெடுத்தேன், டாக்டர் சொல்லியும் கேட்காமல் கெடுத்தேன் என்று ஒவ்வொரு தடவையும் முழுதாகச் சொல்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண் சிவக்கத்தான் சொல்கிறார். கேட்டவர்கள், என்ன ஒரு சாதாரணக் கேள்விக்கு இந்த ஆள் நம்மேல் இப்படி எரிந்து விழுகிறானே என்று முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறார்கள்.